இருபது துளைப் பலகையும் முப்பத்தொரு சதத் தோட்டாவும்

போன மாதம் ஓய்வூதியப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவதற்காக நான் வேலைசெய்த பண்ணைக்குப் போயிருந்தேன். ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடக்க வேண்டிய அரசாங்க விதைநெல் பண்ணை அது. களஞ்சியத்துக்குப் புதிதாகப் பொறுப்பாக வந்திருக்கும் பிள்ளை, பெயர் சுகந்தி, என்னை இருக்கச் சொல்லிக் கதிரையைத் துடைத்துத் தந்தார். பிறகு அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பலகையை இழுத்தெடுத்து மேசையில் வைத்தார்.

"ஐயா, இது என்ன சாமான்? இடாப்புப் புத்தகத்திலை 'துளைப் பலகை, ஒன்று' எண்டு மட்டும் கிடக்கு. வருசா வருசம் எண்ணிறம். என்னத்துக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பியோன் சொல்லுறார், ஊதுபத்தி குத்துறதாம்."

முதிரைப் பலகை. நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து துளை. ஒரு மூலையில் மெழுகு கறுத்துப் போயிருந்தது. பெருவிரல் தடிப்புள்ள ஊதுபத்தியை எந்தக் கோயிலில் கொளுத்துகிறார்களோ தெரியாது.

"இது தோட்டா கட்டிற பலகை, பிள்ளை."

"தோட்டாவோ? இஞ்சையோ? கடையிலை வாங்கிறதிலும் பார்க்க மலிவோ?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டிருக்கக் கூடாது. ஆகவே எழுதுகிறேன். மலிவோ இல்லையோ என்பதைப் பிள்ளை தானே கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து களஞ்சிய எழுதுவினைஞனாக இங்கே வந்தேன். பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் சாவிக்கொத்தைத் தந்தார்கள். இரண்டாம் நாள், சாவிக்கொத்தைத் தொலைத்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று சொன்னார்கள். காடு பண்ணையின் மூன்று பக்கமும் இருந்தது என்பதையும், அந்தக் காட்டில் இருந்தவர்களுக்கு விதைநெல்லுக்கும் சோற்றுநெல்லுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதையும் நானாகக் கண்டுபிடித்தேன். பன்றி வந்தது, மரைமான் வந்தது, கதிர் முற்றினால் யானை வந்தது.

மனேச்சர் ஐயாவின் பெயர் வேண்டாம். பிள்ளைகள் நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கட்டைப் பென்சில்'. புதுப் பென்சில் வேண்டுமென்றால் பழையதன் கட்டையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். விரலால் பிடிக்க முடிகிற கட்டை என்றால் திருப்பித் தந்துவிடுவார். "இன்னும் ஒரு கிழமை எழுதலாம் காணும்" என்பார். அவர் கையிலேயே ஒரு அரை அங்குலக் கட்டை இருக்கும். தான் செய்யாததை மற்றவனைச் செய்யச் சொல்லமாட்டார் என்பதுதான் அவரிடம் எங்களுக்கு இருந்த எரிச்சல். திட்டுவதற்கு நமக்கு இடம் தருவதில்லை.

பயிரைக் காக்கப் பண்ணையில் ஒரு ரைபிள் இருந்தது. யாரோ வெள்ளைக்கார நில அளவைத் துரை விட்டுவிட்டுப் போன பழைய ஒற்றைக்குழல் சாமான். பாரமென்றால் அப்படிப் பாரம். அதை வைத்திருந்தவர் செபமாலை அண்ணை. முல்லைத்தீவுக் கரைக்காரர். கடல் பிடிக்கவில்லை என்று காட்டுக்கு வந்தவர். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், "கடலிலை ஒளிக்க மரம் இல்லை, தம்பி" என்பார். அப்போது அவருக்கு நாற்பது வயது, ஐந்து பிள்ளைகள், காட்டுக்கால் என்று பேர்வாங்கிய நடை. சருகில் நடந்தாலும் சத்தம் வராது. காசு கடன் கேட்டு வரும்போதுகூட அப்படித்தான், பின்னால் நிற்பது தெரியாது.

அந்த ரைபிளுக்குச் சீமையில் செய்த தோட்டா ஒன்று இரண்டேகால் ரூபா. பிறகு வெளிநாட்டுச் சாமான் இறக்குவதில் கட்டுப்பாடு வந்தது. கொழும்புக்கு எழுதினால் மூன்று மாதம் கழித்து 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று பதில் வரும். மனேச்சர் ஐயா ஒரு நாள் பழைய கடித உறை ஒன்றைக் கிழித்து, உட்பக்கத்தில் கணக்குப் போட்டார். சுட்டு முடிந்த பித்தளைக் கோது நம்மிடமே இருக்கிறது, செலவில்லை. ஈயம், செபமாலையின் பழைய வலைகளில் கட்டியிருந்த ஈயமணிகளை உருக்கலாம், செலவில்லை. மெழுகு, காட்டில் தேன் எடுப்பவன் சும்மா தருவான். வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கக் கோதின் அடியில் வைக்கும் கேப்பும்தான் காசு. எல்லாம் சேர்த்து முப்பத்தொரு சதம்.

"எழுபத்தைஞ்சு தோட்டாவிலை எவ்வளவு மிச்சம் எண்டு பாரும்" என்றார்.

"கட்டிறது ஆர் ஐயா?"

"நீர்தான்."

"என்ரை நேரம் கணக்கிலை இல்லையோ?"

"உமக்குச் சம்பளம் எப்படியும் குடுக்கிறதுதானே."

கச்சேரியில் அரசாங்க அதிபரிடம் அதற்கு அனுமதியும் எடுத்துவிட்டார். அந்த மனிதன் ஒன்றைத் தொடங்கினால் முத்திரை குத்தாமல் விடமாட்டார்.

செபமாலை அண்ணை எனக்குத் தொழில் காட்டித் தந்தார். கோதைக் கழுவிக் காயவைப்பது, பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதியது வைப்பது, பலகையில் இருபதையும் நிமிர்த்தி நிறுத்துவது. பிறகு அளவுக் கிண்ணத்தால் ஒவ்வொன்றுக்கும் மருந்து, அதன்மேல் மெழுகு பூசிய ஈயக்குண்டை இருத்தி வாயை நெரித்துவிடுவது. ஈயம் இருத்திய பிறகு பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். குலுக்கிப் பார்த்தும் பயனில்லை. மருந்து நிறைந்த கோதும் சத்தம் போடாது, மருந்தே இல்லாத கோதும் சத்தம் போடாது.

மனேச்சர் ஐயா இதற்கும் ஒரு ஒழுங்கு வைத்தார். பெரிய தகரத்தில் இருந்து சரியாக இருபது கிண்ணம் மருந்தைச் சின்னத் தகரத்துக்கு மாற்ற வேண்டும். வேலை முடிய சின்னத் தகரம் வெறுமையாக இருக்க வேண்டும். வெறுமையாக இருந்தது என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சுட்ட கோதைச் செபமாலை அண்ணை திருப்பித் தர வேண்டும். ஒரு முறை ஒரு கோது குளத்தில் விழுந்துவிட்டது. மூன்று பிரதியில் விளக்கக் கடிதம் எழுதுவதா, முக்குளிப்பதா என்று யோசித்துவிட்டு, அரை நாள் முக்குளித்து எடுத்துக்கொண்டு வந்தார். கடல் பிடிக்காத மனிதன்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மேலதிகாரி உள்ளே வந்தால் எழும்ப வேண்டும். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, அதனால் ஒருவரும் மீறுவதில்லை. வாயில் வெற்றிலை இருந்தால் விழுங்கிவிட்டு எழும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். மனேச்சர் ஐயா 'இரும் இரும்' என்று சொல்லுவார். ஆனால் எழும்பின பிறகுதான் சொல்லுவார்.

அறுவடைக்கு இரண்டு கிழமை இருந்தது. குளத்து அணைக்கட்டை ஒட்டிய வயல்களில் அலியன் என்று சொல்லும் கொம்பில்லாத ஒரு தனி ஆண் யானை பகலிலேயே இறங்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் இருந்து வேலைசெய்யும் கந்தோருக்கு எதிரே நின்று தின்றாலும் தின்னும் என்ற நிலைமை. ஒரு பின்னேரம் நான் பலகையில் இருபது கோதையும் நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்று முடிந்து, பன்னிரண்டாவதுக்குக் கிண்ணத்தில் அள்ளிய நேரம் மனேச்சர் ஐயா வந்தார். எழும்பினேன். கையில் மருந்தோடு அதிகாரிக்கு முன்னால் நிற்பது மரியாதையில்லை என்று, அள்ளியதைத் தகரத்திலேயே கொட்டிவிட்டு நின்றேன்.

"என்ன காணும், எத்தினை முடிச்சனீர்?"

"பதினொண்டு, ஐயா."

"ஈயமணி உருக்கேக்கை மேலை ஒரு ஆடை படியுதெல்லோ, அதை எறியிறனீரோ?"

"ஓம் ஐயா."

"எறியாதையும். அதையும் திரும்ப உருக்கிப் பார்ப்பம்."

அந்த ஆடையைப் பற்றிக் கால் மணி நேரம் கதைத்தார். போன பிறகு நான் இருந்து பதின்மூன்றாவதில் இருந்து தொடர்ந்தேன். அப்படித் தொடர்ந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஈயம் இருத்தினேன், நெரித்தேன், இருட்டப் போகிறது என்று புத்தகத்தை நாளைக்கு வைத்துக்கொண்டு பூட்டினேன்.

மறுநாள் விடிந்து கொஞ்சத்தில் செபமாலை அண்ணை வந்தார். அலியன் நாலு மைலுக்கு அப்பால் குளத்து மூலை வயலில் நிற்கிறதாம், இரண்டு தொழிலாளர் தகரம் தட்டியும் அசைகிறதில்லையாம். ஆறு தோட்டா எடுத்து, கையெழுத்து வைத்துவிட்டு நடந்தார். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, நேற்றைய பக்கத்தை எழுதப் புத்தகத்தை விரித்து, 'சின்னத் தகரம் வெறுமை' என்று எழுதுவதற்கு முன் சும்மா அதைத் திறந்தேன். அடியில் மருந்து இருந்தது. அள்ளிப் பார்த்தேன். ஒரு கிண்ணம், தலை தட்டின மாதிரிச் சரியாக ஒரு கிண்ணம்.

 இருபது தோட்டாவில் ஒன்று வெறும் கோது. மீதிப் பதினாலும் முன்னால் கிடந்தன. விதைநெல் நிறுக்கிற சின்னத் தராசை எடுத்து ஒன்றை ஒரு தட்டில் போட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக மறுதட்டில் வைத்தேன். ஈயம் கொஞ்சம் கூடக்குறைய இருந்ததால் தட்டு இலேசாக ஆடியதே தவிர, மருந்தில்லாத அளவுக்கு ஒன்றும் மேலே போகவில்லை. பதினாலும் சரி. அப்படியென்றால் அந்த ஒன்று செபமாலை அண்ணையிடம்.

சுட்டால் வெடிக்காது, அவ்வளவுதானே என்று இதை வாசிக்கிறவர் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மருந்து இல்லாவிட்டாலும் கேப்பு வெடிக்கும். அந்தச் சின்ன வெடி ஈயத்தைக் கோதில் இருந்து தள்ளிக் குழலுக்குள் ஒரு சாண் தூரத்தில் இறுக்கிவிடும். தோட்டா பழுது என்று நினைத்து அதே குழலில் அடுத்ததைப் போட்டுச் சுட்டால் போக வழியில்லாமல் குழல் பிளக்கும். பிளக்கிற இடம் சுடுகிறவனுடைய முகத்துக்கும் இடது கைக்கும் பக்கத்தில்.

மனேச்சர் ஐயாவின் அறைக்கு ஓடினேன். ஜீப் வவுனியாவுக்குப் போயிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பண்ணைச் சைக்கிளிலை போம், ஓடும்" என்றார். நான் படியிறங்கியபோது பின்னாலேயே வந்து, "அந்தப் பதினாலையும் பூட்டினனீரோ?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அவரைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை.

குளக்கட்டில் சைக்கிள் மிதிப்பது சுகமான வேலை இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு, நடுவில் மாடு நடந்த குழிகள். இரண்டு தரம் விழுந்தேன். இரண்டாம் தரம் செருப்பை விட்டுவிட்டேன். மிதிக்கிற போதெல்லாம் அவருடைய ஐந்து பிள்ளைகளில் யார் யாருக்கு என்ன பெயர் என்று மனது தானாகச் சொல்லிக்கொண்டு வந்தது. கடைசிக்குப் பெயர் வரவில்லை. அது எனக்கு அழுகையைத் தந்தது.

கட்டு வளைகிற இடத்தில் கண்டேன். அலியன் இடுப்பளவு நெல்லில் நின்றது. செபமாலை அண்ணை ஒரு மருத மரத்தோடு சாய்ந்து, யானைக்கு அறுபது எழுபது அடி தூரத்தில், குழலை ஆகாயத்துக்கு உயர்த்திக்கொண்டு நின்றார். விசையை அழுத்தினார். வெடி கேட்கவில்லை. 'டிக்' என்று தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

அவர் பின்பக்கத்தைத் திறந்து கோதை வெளியே எடுத்தார். பார்த்தார். அப்போதும் மறக்காமல் அதை இடுப்புப் பையில் போட்டார். யானை இரண்டு அடி முன்னால் வந்தது. அவர் இந்த முறை பையில் கை வைக்கவில்லை. சேர்ட்டுப் பொக்கற்றில் இருந்து ஒன்றை எடுத்துக் குழலில் போட்டு, யானையின் நெற்றிக்குக் குறி வைத்தார்.

"அண்ணை, சுடாதேங்கோ" என்று கத்தினேன். "குழலுக்குள்ளை ஈயம் கிடக்கு. சுடாதேங்கோ."

என்னிடம் அப்படி ஒரு தொண்டை இருந்தது எனக்கே தெரியாது. அந்தச் சத்தம் அலியனுக்கும் பிடிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு காதை விரித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தது. நான் சைக்கிளைக் கட்டில் விட்டுவிட்டுக் குளத்தில் குதித்தேன். வீரமாகக் குதித்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் விழுந்தேன் என்பதே சரி.

தாமரைக் கொடிக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பார்த்தேன். அலியன் கட்டில் ஏறிச் சைக்கிளைத் தூக்கியது. அதை விளங்கிக்கொள்ள முயன்ற மாதிரி ஒரு தரம் சுற்றிப் பார்த்தது. பிறகு நிலத்தில் போட்டு மிதித்தது. செபமாலை அண்ணை மரத்தடியில் துவக்கைத் தோளில் வைத்தபடியே நின்றார். சுடவில்லை. தகரக்காரர் இருவரும் வெறி பிடித்தவர்கள் போலத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். மணி, மட்காட், இருக்கை எல்லாம் தட்டையானதும் யானைக்கு அலுத்துவிட்டது. காட்டுப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

நான் கரையேறியபோது அவர் மரத்தடியில் குந்தியிருந்தார். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத் துடைக்கிற கம்பியைக் குழலின் வாயால் உள்ளே விட்டார். கம்பி முழுக்கப் போகவில்லை. ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது 'டொக்' என்று நின்றது. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார். அதே 'டொக்'. கம்பியை உருவி நிலத்தில் வைத்தார்.

"யானை உங்களிட்டை வரேக்கை சுட்டிருப்பன், தம்பி" என்றார். "விரல் அமத்தப் போட்டுது. நீங்கள் சொன்னதை நம்பித்தான் நிண்டனான். நம்பி நிக்கேக்கை நீங்கள் செத்துப்போவியள் எண்டும் நினைச்சனான்."

 அவர் மடியில் கிடந்த தோட்டாவைப் பார்த்தேன். மினுமினுவென்று, அடியில் சீமை எழுத்தோடு.

"இது எங்கடை இல்லையே, அண்ணை."

"என்ரை. காசு குடுத்து வாங்கினது. எப்பவும் ரெண்டு பொக்கற்றிலை கிடக்கும்."

"அப்ப நான் கட்டிறது?"

"அது சத்தம் போட. ஆகாயத்துக்கு வைக்கிறனான். குறை நினையாதேங்கோ. உங்கடை தோட்டா நல்லதுதான். ஆனால் எனக்கு அஞ்சு பிள்ளையள்."

இரண்டு வருடமாக மனேச்சர் ஐயா கச்சேரிக்கு மிச்சம் காட்டி எழுதியதெல்லாம் இந்த மனிதனுடைய பொக்கற்றில் இருந்து போயிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூச்சமான விஷயம், அன்றைக்கு அவரைக் கொல்லப் பார்த்தது அந்த நல்ல தோட்டாதான். என்னுடைய பழுதுத் தோட்டாவுக்குப் பின்னால் என்னுடைய இன்னொன்றைப் போட்டிருந்தாலும் குழல் தாங்காது. வலு கூடிய சீமைத் தோட்டாவென்றால் ஒன்றும் மிஞ்சியிராது.

நடந்துதான் திரும்பினோம். மனேச்சர் ஐயா கந்தோர் வாசலில் நின்றார். செபமாலை அண்ணையின் இரண்டு கையையும் முகத்தையும் ஒருதரம் பார்த்தார், எண்ணிப் பார்க்கிற மாதிரி. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கேப்புப் பழுது எண்டு எழுதுவம்" என்றார்.

"கேப்பு நல்லது ஐயா. அது வெடிச்சது. மருந்து போடேல்லை."

"ஏன் போடேல்லை?"

 வேலைக்கு வந்து மூன்றாவது வருடம், நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் எதிரே இருக்கிறார்.

"நீங்கள் வந்தியள் ஐயா. நான் எழும்பினனான்."

அவர் கட்டைப் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். "ஈய ஆடை" என்று மெதுவாகச் சொன்னார்.  பிறகு, சின்னத் தகரத்தை யார் திறந்து பார்க்கச் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். உண்மைதான். அந்த ஒரு கிண்ணம் மருந்தை எண்ண வைத்தது அந்த மனிதனின் கஞ்சத்தனம். எண்ணாமல் விட்டிருந்தால் நான் தேத்தண்ணியோடு அங்கேயே இருந்திருப்பேன். அவரை முழுதாகத் திட்ட எனக்கு அன்றைக்கும் இடம் கிடைக்கவில்லை.

சைக்கிளை இடாப்பில் இருந்து கழிப்பது பெரும்பாடாகிவிட்டது. 'பெற்றுக்கொண்டவர்' என்ற நிரலில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "அலியன் எண்டு எழுதும்" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். பகிடி விட்டாரா என்பதிலும் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

அன்றைக்கே சீமைத் தோட்டாவுக்கு எழுதிப் போட்டார். செபமாலை அண்ணையின் பொக்கற்றுத் தோட்டாக்களுக்கும் காசு கொடுத்தார், தன் சொந்தக் காசு, கடித உறைக்குள் வைத்து. ஆனால் ஓடர் வந்துசேர நாலு மாதம் எடுத்தது. அதுவரைக்கும் சத்தம் போட நான் கட்டத்தான் வேண்டும்.

அடுத்த முறை பலகையை எடுத்துவைத்தபோது செபமாலை அண்ணை ஒரு சாக்கை விரித்து எனக்கு எதிரே இருந்துகொண்டார். "நான் ஒண்டும் கதைக்கன், தம்பி. பார்த்துக்கொண்டு இருப்பன்" என்றார். ஏழாவது கோதுக்கு மருந்து அள்ளும்போது வாசலில் நிழல் விழுந்தது. மனேச்சர் ஐயா கையில் கோப்போடு நின்றார். என் கால்கள் தாமாக எழும்பப் பார்த்தன. தொடையை இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

அவர் படியைத் தாண்டவில்லை. வெயில் முகத்தில் அடித்தது, கோப்பைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நின்றார். போனவர் வந்தவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். இருபதாவதையும் நெரித்து, சின்னத் தகரத்தைக் கவிழ்த்துத் தட்டி, வெறுமை என்று காட்டினேன்.

"வரலாமோ?" என்று கேட்டார்.

சுகந்திப் பிள்ளை, முப்பத்தொரு சதத்தோடு அந்த அரை மணி நேர வெயிலையும் கூட்டிக்கொள்ளுங்கோ.